ஒரு குவளை பெட்ரோல்

இந்த வருஷம் மாமியார் வீட்டுக்கு ஐஸ் அறுக்கப் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். வீட்டுக்குள் அல்ல. வெளியே விறகு அடுக்குக்குப் பின்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே எடுத்தேன். மைனஸ் நாற்பதில் வாயைத் திறந்து சபதம் எடுத்தால் பல் கூசும். மனைவிக்கும் கேட்டுவிடும்.

வேறு ஊரில் இருக்கும் என் மாமியார் அக்சினியா, ஏரி ஐஸை உருக்கிய தண்ணீரில் போட்ட டீயை மட்டுமே குடிப்பார். மற்ற தண்ணீரில் போட்டால் தகரத்தை நக்கின மாதிரி இருக்கிறதாம். அதனால் ஒவ்வொரு நவம்பரும் மாப்பிள்ளைகள் ஏரிக்குப் போய், ஐஸைப் பெட்டி பெட்டியாக அறுத்து, ஏற்றி, இறக்கி, அவர் முற்றத்தில் சுவர்போல அடுக்கித் தர வேண்டும். ஒரு கட்டி என்னைவிடக் கனம். மாமியார் கையில் தடியோடு பக்கத்தில் நிற்பார். "இது கலங்கலா இருக்கு மாப்ள, வேற அறுங்க" என்பார். எனக்கு எல்லா ஐஸும் ஐஸாகத்தான் தெரியும். அவருக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு குறை தெரியும், மாப்பிள்ளையிடம் தெரிவதுபோல.

மாப்பிள்ளைகள் என்று பன்மையில் சொன்னது ஒரு மரியாதைக்கு. என் சகலைக்கு வருஷா வருஷம் அதே வாரத்தில் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். நாட்காட்டி தப்பினாலும் அவர் இடுப்பு தப்பாது. ஆகவே உடம்பு சரியில்லை என்கிற சாக்கை அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் பட்டா போட்டுக்கொண்டுவிட்டார். நான் வேறு ஏதாவது தேட வேண்டியிருந்தது.

ஐஸ் அறுப்பதோடு போயிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் ஐஸ் அறுக்கிற அதே சனிக்கிழமைதான் முன்ஹா! ஏரி நன்றாக உறைந்ததும், ஐஸில் வரிசையாகத் துளை போட்டு, அடியில் பெரிய வலையை விட்டு, ஊரே கயிற்றைப் பிடித்து இழுக்கும் மீன்பிடி. வருஷத்தில் ஒரே நாள். வலை மேலே வந்ததும் சோபோ மீன் கொட்டு கொட்டென்று ஐஸ்மேல் கொட்டும். இரண்டு துள்ளு துள்ளும், மூன்றாவது துள்ளலுக்குள் உறைந்து விறகாகிவிடும். பக்கத்து வீட்டுப் புரோகோப்பி அண்ணனின் சொந்த ஊரில்தான் அது நடக்கும். அவர் போய்விட்டு வந்து, வெண்ணெயில் வறுத்த சோபோவை எனக்கும் ஒன்று கொடுத்து, வலை இழுத்த கதையைச் சொல்வார். நான் முள்ளைச் சப்பிக்கொண்டே கேட்பேன். கல்யாணமானதிலிருந்து இதே கதை. இந்த வருஷம் அந்தக் கயிற்றில் என் கையும் இருந்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை புரோகோப்பி அண்ணனின் கராஜுக்குப் போனேன். வெந்நீர்க் குழாய் ஓடும் சூடான கராஜ். எங்கள் தெருவில் அப்படி ஒன்றுதான் உண்டு. வண்டி வைத்தியத்தில் அண்ணன் சொன்னால் தெருவே கேட்கும்.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடு எகோர்," என்றார்.

"என்ன ரிப்பேர்ணே? போன மாசம் டயர் சரியில்லன்னு சொன்னேன். அவளே உருட்டிட்டுப் போய் மாத்திட்டு வந்துட்டா."

"பேட்டரி?"

"அதையும் ஒரு தடவை சொல்லிப் பாத்தாச்சு. அன்னிக்கு ராத்திரி கழட்டி கட்டிலுக்குக் கீழ வச்சுட்டா. காலைல மாட்டினா சிங்கம் மாதிரி உறுமுது."

அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"பெட்ரோல் லீக்."

"ஆ!"

"லீக்குன்னா எந்தப் பொம்பளையும் வண்டியில ஏற மாட்டா. ஒண்ணு, நெருப்பு பயம். ரெண்டு, நடு ரோட்டுல பெட்ரோல் தீர்ந்து நின்னா? இந்தக் குளிர்ல நடு ரோட்டுல நிக்கிறதும் சமாதியில படுக்கிறதும் ஒண்ணு. என்ன, சமாதியில காத்து அடிக்காது."

"லீக்குக்கு நான் எங்கண்ணே போறது?"

"ஒரு குவளை பெட்ரோலை எடு. இன்ஜினுக்குக் கீழ பனியில ஊத்து. அவ்வளவுதான் லீக். அப்புறம் என்னைக் கூப்பிடு. நான் வந்து வாக்குமூலம் குடுக்கறேன். 'ஐயோ, இந்த வண்டியத் தொடாதீங்க'ன்னுட்டு, போகிற போக்குல 'தம்பி சும்மாதானே இருக்கே, முன்ஹாவுக்கு வாயேன்'னு கூட்டிட்டுப் போயிடறேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. இன்னும் விடியவில்லை, வாசல் விளக்கு மட்டும் எரிந்தது. எங்கள் ஊர் வண்டிகளுக்குக் குளிர்காலம் முழுக்கத் தூக்கம் கிடையாது. தடித்த மெத்தைப் போர்வையைப் போர்த்தி, அவ்வப்போது தானாகக் கிளம்பிச் சூடேற்றிக்கொள்ளும்படி வைத்துவிடுவோம். என் வண்டி அப்போதுதான் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியிருந்தது. கேனிலிருந்து ஒரு குவளை பெட்ரோலை ஊற்றிக்கொண்டு குனிந்து, இன்ஜினுக்கு நேர் கீழே பனியில் நிதானமாக ஊற்றினேன். பனி சாம்பல் நிறத்தில் குழைந்தது. வாசம் கமகமவென்று வந்தது. அவசரத்தில் சமையலறையிலிருந்து எடுத்து வந்த குவளை அது, என் டீக் குவளை. பனியால் தேய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல அலமாரியில் வைத்தேன். பிறகு வெளியே ஓடிவந்து கத்தினேன்.

"சயானா! ஐயோ, இங்க வந்து பாரேன்!"

சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"லீக்."

"என்ன லீக்?"

"பெட்ரோல் லீக். ராத்திரிலேர்ந்தே ஒழுகியிருக்கு போல."

"ராத்திரிலேர்ந்துன்னு சொல்றீங்க. புதுசா இருக்கே?"

"லீக்குன்னா புதுசு புதுசாத்தானே வரும்?"

"இப்போ ஒண்ணும் சொட்டலையே."

"நாம பாத்துக்கிட்டிருக்கோம்ல. அதான்."

"ஓ, பெட்ரோலுக்கு வெக்கம் வேறயா?"

நான் முகத்தில் சோகத்தை வரவழைத்தேன். "பாவம் அத்தை. ஐஸுக்கு என்ன பண்ணுவாங்களோ. நான் வரத்தான் துடிக்கிறேன். ஆனா உயிர்னு ஒண்ணு இருக்கே சயானா. எனக்காகச் சொல்லல, உனக்காகச் சொல்றேன்."

"எவ்வளவு நல்ல மனசுங்க உங்களுக்கு," என்றாள். என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள். அது கரிசனம் என்று நினைத்தேன். "எதுக்கும் புரோகோப்பி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டிடுவோமா?"

"அவரை எதுக்குத் தொந்தரவு... சரி, நீ இவ்வளவு சொல்ற. கூப்பிடு."

அண்ணன் வந்தார். டார்ச்சோடு வந்தார். இன்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "த்சொ, த்சொ, த்சொ" என்று மூன்று தடவை உச்சுக்கொட்டினார். நாடகத்துக்குப் போயிருந்தால் அண்ணன் எங்கேயோ போயிருப்பார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் சயானா டீ கொண்டுவந்தாள். அண்ணனுக்கு ஒரு கண்ணாடி டம்ளர், எனக்கு என் குவளை.

அந்தக் குவளை!

மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். பால் டீயில் பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தது.

"என்னங்க, குடிக்கலையா? ஆறிடப் போகுது."

"குடிக்கிறேன், குடிக்கிறேன். சூடா இருக்கு."

"டீ ஒரு மாதிரி இருக்கோ?"

"சேச்சே. அமிர்தமா இருக்கு."

குடிப்பதுபோல உதட்டை வைத்துவைத்து எடுத்தேன். அவள் கண்ணை எடுக்கவே இல்லை. அண்ணனோ, அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். வண்டியைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அவருக்குத் தன் பெயரே மறந்துவிடும்.

"இது சாதாரண லீக் இல்ல தங்கச்சி. இன்ஜெக்டர்னு ஒண்ணு இருக்கு, பெட்ரோலைப் பீச்சுறது. அதைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம். வயசாயிட்டா வளையம் கெட்டிப்பட்டுப் போகும். குளிர்ல சுருங்கும். சுருங்கினா ஒழுகும். இன்ஜின் சூடானா மறுபடி விரியும், ஒழுகுறது நின்னுடும். அதான் இப்போ சொட்டல. கராஜுல கொண்டு போய்ச் சூட்டுல வச்சுப் பாத்தா ஒரு துளி தெரியாது. எத்தனை மெக்கானிக் இதுல ஏமாந்திருக்கான் தெரியுமா!"

நான் பெருமிதத்தோடு மனைவியைப் பார்த்தேன். பொய் சொன்னால் இப்படிச் சொல்ல வேண்டும்.

"அப்போ குளிர்ந்தாத்தான் ஒழுகும்?" என்றாள் சயானா.

"ஆமா."

"சூடா இருந்தா?"

"ஒரு சொட்டு ஒழுகாது. நான் கேரண்டி."

"அப்போ பிரச்சினையே இல்லையே. போர்வையை எடுக்காம, இன்ஜினை நிறுத்தாம ராத்திரி முழுக்கச் சூடாவே வச்சிருப்போம். காலைல அப்படியே கிளம்பிடலாம். வழியில எங்கயும் நிறுத்தக்கூடாது, அவ்வளவுதானே அண்ணே?"

அண்ணன் வாய் திறந்தபடி நின்றது. என் குவளையும் பாதி வழியில் நின்றது.

"அது... தங்கச்சி... தத்துவப்படி பாத்தா..."

"நீங்க கேரண்டின்னு சொன்னீங்களே!"

அண்ணனை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அதாவது, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நான் என்னடா பண்ணேன்? அந்த வளையம் அப்படித்தான் பண்ணும். உண்மையைத்தானே சொன்னேன்?"

"உங்களைப் பொய் சொல்லத்தானே கூப்பிட்டேன்! உண்மையை யாரு சொல்லச் சொன்னா?"

திரும்பி வந்தால் சயானா அம்மாவோடு போனில் இருந்தாள். மாமியாருக்குப் போன் என்பது ஒரு சம்பிரதாயம். அவர் குரலுக்கு அது தேவையில்லை. நடையில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"என்னடி, வண்டி ஒழுகுதா? மாப்ள ஒழுகாம இருக்காருல்ல?"

"அவர் நல்லா இருக்காரும்மா. டீ குடிச்சுட்டிருக்கார்."

"அப்போ சரி. ஐஸ் எங்க ஓடிடப் போகுது? வண்டியச் சரி பண்ணிட்டு வரச் சொல்லு."

வரச் சொல்லு! தாயும் மகளும் விடுவதாக இல்லை. சூட்டில் ஒழுகாத லீக்கால் எனக்கு ஒரு பயனும் இல்லை. சூட்டிலும் ஒழுகுகிற லீக் ஒன்று உடனே தேவைப்பட்டது. பெட்ரோல் வரும் ரப்பர்க் குழாயின் கிளிப்பைக் கொஞ்சம், ஒரு அரைச் சுற்றுதான், தளர்த்திவிட்டால் அது எல்லாக் காலத்திலும் சொட்டும். ஞாயிற்றுக்கிழமை இறுக்கிவிடலாம். நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

மைனஸ் நாற்பதில் பழைய ரப்பரைத் தொடாதே என்பது எங்கள் ஊரில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு முன்ஹா மட்டும்தான் தெரிந்தது. கிளிப்புக்குத் திருப்புளி எட்டவில்லை. குழாயைக் கொஞ்சம் வளைத்தேன்.

படக்!

காய்ந்த ரொட்டி மாதிரி குழாய் கையோடு வந்துவிட்டது. உள்ளே அடைபட்டிருந்த பெட்ரோல் சீறிக்கொண்டு என் கையுறை முழுக்க அடித்தது. இந்தக் குளிரில் பெட்ரோல் பட்டால் கை எரியும், நெருப்புக்கூட அப்படி எரியாது. அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

சயானா ஓடிவந்தாள். கையுறையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். துடைத்தாள், கழுவினாள், என் விரல்களைத் தன் கழுத்துக்கும் சால்வைக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டாள். விரல்நுனியில் சிவப்பு திரும்பும்வரை விடவில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"கை போயிருந்தா என்னங்க பண்ணியிருப்பேன்?" என்றாள்.

"சயானா... இப்போ நிஜமாவே ஒழுகுது."

"அப்போ முன்னாடி?"

"முன்னாடியும்தான். இப்போ ரொம்ப நிஜமா."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனி யோசிக்க நேரமில்லை. குழாய் இல்லாத வண்டியைக் கிளப்ப முடியாது. கிளப்பாத வண்டி சாயங்காலத்துக்குள் இரும்புக் கட்டியாகிவிடும். பிறகு வசந்தத்தில்தான் எழுப்ப வேண்டும். சயானாவே புரோகோப்பி அண்ணனிடம் போய்ப் பேசினாள். நான் கையில் கட்டோடு பின்னால் நின்றேன்.

"அண்ணே, உங்க கராஜுல எங்க வண்டியக் கொஞ்சம் வச்சுக்கலாமா?"

"தாராளமா. ஒரு ராத்திரி என் வண்டி வெளியில முழிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும். நாளைக்கு நான் முன்ஹாவுக்குப் போறேன்ல, பகல் பூரா காலிதான். ஆனா சாயங்காலம் நான் திரும்பறப்போ இடம் வேணும். என் வண்டிக்கும் வயசாச்சு, ரெண்டாவது ராத்திரி தாங்காது."

"அதுக்குள்ள இவர் சரி பண்ணிடுவார். நாளைக்குப் பூரா இவருக்கு வேற என்ன வேலை?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முன்ஹா எங்கள் இருவருக்கும் நடுவில் எழுந்து நடந்து போய்விட்டது.

"உங்க வண்டியில எனக்கு ஒரு இடம் இருக்குமாண்ணே?" என்றாள் சயானா. "அம்மா ஊர் வழியாத்தானே போறீங்க?"

"இடமா? இருக்கு தங்கச்சி. ஒரு ஆள் வர்றதா இருந்துச்சு. அவனுக்கு வரத் தோது இல்லாம போச்சு."

அன்றைக்கே மூவருமாகத் தள்ளி வண்டியைக் கராஜுக்குள் விட்டோம். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனாக நான் கராஜில் நின்றேன். ஒரே ஆறுதல், ஐஸ் இல்லை. அம்மாவிடம் சயானா பேசிச் சமாதானம் செய்துவிடுவாள். மாமியார் இந்த வருஷம் தகர டீ குடிக்கட்டும்.

குழாய் ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. அண்ணனின் அலமாரியில் குளிர் தாங்கும் குழாய் ஒரு துண்டு இருந்தது. அளந்து வெட்டி, மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப்பை இறுக்கினேன். கிளப்பினேன். வண்டி பாடியது. டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். ஒரு துளி இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். முன்ஹா மதியத்துக்குத்தான் சூடுபிடிக்கும். இப்போது கிளம்பினால் வலை மேலே வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்! மாமியார் ஊரைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டால் போதும்.

வண்டியை வெளியே கொண்டுவந்தேன். ஒரு தடவை பட்ட புத்தி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று இன்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து குளிரில் விட்டுவிட்டு, உடை மாற்ற வீட்டுக்குப் போனேன். என் மான்தோல் பூட்ஸைக் காணவில்லை. என் கம்பளிக் கையுறையும், நரித்தோல் தொப்பியும்கூட இல்லை. அம்மாவைப் பார்க்கப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு, ரொட்டியும் குதிரை இறைச்சியும் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடிவந்து சாவியைத் திருப்பினேன்.

பெட்ரோல் வாசம்.

மூக்கின்மேல் சந்தேகப்பட்டேன். இறங்கிப் பார்த்தேன். சொட்டு. அதன் பின்னால் இன்னொரு சொட்டு. புதுக் குழாய் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. இது வேறு எங்கிருந்தோ வருகிறது. வண்டியைக் கராஜுக்குள் கொண்டுபோனேன். சூடானதும் சொட்டு நின்றது. வெளியே கொண்டுவந்து ஆறவிட்டேன். சொட்டியது. உள்ளே போனால் சன்னியாசி, வெளியே வந்தால் குடிகாரன்.

கடைசியில் வெள்ளைக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, எல்லா இணைப்புகளுக்கும் அடியில் செருகி, குளிரில் கிளப்பிப் பார்த்தேன். மற்ற துண்டுகள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. இன்ஜெக்டர்களுக்கு அடியில் இருந்தவை நனைந்திருந்தன.

ரப்பர் வளையம்! வயசாகி, கெட்டிப்பட்டு, குளிரில் சுருங்கி, சூட்டில் விரிகிற அதே வளையம்! புரோகோப்பி அண்ணன் எனக்காகச் சொன்ன பொய், என் வண்டிக்குள் எத்தனையோ நாளாக உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறது. நான் பெட்ரோலை வீணாக்கியிருக்கவே வேண்டாம். மூடியைத் திறந்து காட்டியிருந்தால் போதும்.

இந்த வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். முன்ஹாவை மறந்தேன். பஸ் பிடித்துப் போய்க் குளிர் தாங்கும் வளையங்கள் வாங்கி வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றதில் மூக்கு என்னுடையதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக மூச்சடங்கும்வரை ஓடவிட்டு, இன்ஜெக்டர்களைக் கழற்றினேன். பழைய வளையம் விரலால் நசுக்கியதும் பிஸ்கட்டாக உடைந்தது. புதியதை எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக உட்கார வைத்து, எல்லாவற்றையும் பூட்டினேன். வெளியே நிறுத்தி, கை கால் விறைக்கும்வரை ஆறவிட்டு, கிளப்பினேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதற்குள் பொழுதும் சாய்ந்துவிட்டது.

புரோகோப்பி அண்ணனின் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கினார். என் நரித்தோல் தொப்பி. என் கையுறை. என் மான்தோல் பூட்ஸ். இமையெல்லாம் பனி. தோளில் ஒரு சாக்கு. இறக்கி வைத்ததும் விறகுக்கட்டைபோலக் கடகடவென்றது.

"என்ன சயானா இது?"

"சோபோ."

"அத்தை குடுத்தாங்களா?"

"ஏரி குடுத்துச்சு."

நான் சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தேன்.

"நீ முன்ஹாவுக்கா போனே?"

"கயித்துல ஒரு கை குறையுதுன்னு அண்ணன் வருத்தப்பட்டார். சரி, பாவம்னு நான் புடிச்சேன்."

"அது என் கை!"

"கோவிச்சுக்காதே எகோர்," என்றார் அண்ணன். அவர் முகம் பனியிலும் பிரகாசமாக இருந்தது. "தங்கச்சி இழுத்த இழுப்பு இருக்கே! வலை மேல வந்தப்போ ஊரே கத்திச்சு. இத்தனை மீனை நான் பாத்ததே இல்ல. எல்லாரும் தங்கச்சி கை ராசின்னு சொல்லிட்டாங்க. எங்க ஊர்ப் பெரியவர் வேற, அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வான்னு சொல்லியிருக்கார்."

"அப்போ அத்தைக்கு ஐஸ்?" என்று கத்தினேன். எனக்கு வேறு ஆயுதம் இல்லை. "அம்மாவைத் தண்ணியில்லாம விட்டுட்டு மீன் பிடிக்கப் போயிட்டியா?"

"ஐஸ் நாளைக்குத்தாங்க."

"நாளைக்கா? சனிக்கிழமைன்னுதானே எப்பவும்..."

"எப்பவும் சனிக்கிழமைதான். போன வாரம்தான் அம்மாகிட்ட சண்டை போட்டு ஞாயித்துக்கிழமைக்கு மாத்தி வச்சேன். ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. போனாப் போகுது, கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் அடுத்தவங்க வாயால முன்ஹா பாத்துக்கிட்டிருக்கார், இந்த ஒரு வருஷமாவது அவர் கையால வலை இழுக்கட்டும்னு தோணுச்சு."

எனக்காக, என் மாமியாரோடு, சண்டை! ராணுவமே யோசிக்கும் காரியம். நான் அந்தச் சாக்கைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், அழுதுவிடுவேன்போல இருந்தது.

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வெள்ளிக்கிழமை காலைல ஜன்னல்ல பனியச் சுரண்டிட்டு உங்களைக் கூப்பிட வந்தேன்," என்றாள் சயானா, சாக்கைத் தூக்கி என் கையில் கொடுத்துக்கொண்டே. "நீங்க குவளையும் கையுமா குனிஞ்சு மும்முரமா வேலை பாத்துக்கிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு திரும்பிட்டேன்."